பூனை ஏறிட்டா?

மோட்டார் வராத காலம்யா. காத்து இழுத்த பக்கந்தான் தோணி. அப்போ நம்ம சிப்பிமணல் ஊர்ல தொம்மைன்னு ஒருத்தர் இருந்தாராம். கயித்தான்னு ஒரு தண்டல், தோணியை நடத்துற தலைவர்; அவர் தோணியில சமையல் இவர்தான். நம்ம வம்சத்து மனுசர்.

ஒரு புயல்ல பாய்மரம் முறிஞ்சு போச்சு. தோணி போகுது, போகுது, தெக்கே போயிக்கிட்டே இருக்கு. கடைசியில நடுக்கடல்ல ஒரு தீவுல ஒதுங்குச்சாம். ஆள் கிடையாது. குடிக்கத் தண்ணியும் காணோம். நாக்கு வறண்டு கிடக்குறாங்க எல்லாரும்.

அங்கே ஒரு குருவி. கைக்குள்ள அடங்கும், கருப்பு. இறக்கை இருக்கு, பறக்கத் தெரியாது. மனுசனைக் கண்டு பயமும் தெரியாது. தொம்மை காலடியில வந்து நின்னுச்சாம். பாத்தா, அது கால்ல ஈரச் சேறு. அது பின்னாலேயே போனார். புதருக்குள்ள ஊத்து. எல்லாரும் பிழைச்சாங்க.

அலையில ஒதுங்கின மரத்தைப் பாய்மரமா நட்டுப் பாயைக் கட்டினாங்க. காத்தும் திரும்பிச்சு. கிளம்புற நேரம் பாத்தா, தோணியில எலிக்காக வச்சிருந்த பூனை கரையில நிக்குது. வாயில ஒரு குருவி. ஓடி மறைஞ்சிட்டு.

"ஒரு பூனைதானே, விட்டுட்டு ஏறுடே"ன்னார் தண்டல்.

"அது சினைப்பூனை, தண்டலே. ஒரு குருவியும் மிஞ்சாது. தண்ணி காட்டின வீட்டுல எமனை விட்டுட்டுப் போகவா?"

"காத்து விழுந்தா அத்தனை பேரும் இங்கேயே சாகணும். நான் நிக்க மாட்டேன்."

"நிக்க வேண்டாம். கொஞ்சம் கருவாடு மட்டும் குடுத்துட்டுப் போங்க."

தோணி போயிட்டு. தொம்மை தீ மூட்டிக் கருவாட்டைச் சுட்டார். பாய் சின்னதாகிக்கிட்டே போகுது. வீட்டு நெனப்பு வந்துச்சாம். ஆனாலும் எந்திரிக்கலை. "பூசி, பூசி"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். வாசனைக்கு வந்துச்சு பூனை. அமுக்கிப் பிடிச்சு, இடுப்புச் சாரத்துல முடிஞ்சு, நிமிந்து பாத்தா, தோணியில இருந்து வந்த சின்ன வள்ளம் கரையில நிக்குது. மெதுவாப் போகட்டும்னு தண்டல் பாயைப் பாதிதான் விரிச்சிருந்தாராம்.

தோணிக்கு வந்ததும் தண்டல் வையலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாராம்.

"பூனை ஏறிட்டா?"

"ஏறிட்டு."

ரொம்ப வருசம் கழிச்சு நம்மூர்த் தோணி இன்னொண்ணு அங்கே ஒதுங்கிச்சு. அந்த ஊத்துக்கரையில குருவிங்க குஞ்சுகளோட நடந்து போச்சுன்னு வந்து சொன்னாங்க.

இப்போ நம்ம மோட்டார் போட்டுல பூனையே கிடையாது. ஆனாலும் எந்த அந்நியக் கரையில நங்கூரம் தூக்கினாலும் தண்டல் கேப்பார்: "பூனை ஏறிட்டா?" சமையக்காரர் இறங்கிப் போய், கரையில நாம விட்டது ஏதும் கிடக்கான்னு பாத்துட்டு வந்துதான் "ஏறிட்டு"ம்பார். அதுக்கப்புறந்தான் போட்டு நகரும்.