பக்கத்து சீட்டு பெடல்

— பொய் சொல்லாதக்கா. பிரேக் பேட் பிளேடு கனத்துக்குத் தேஞ்சு கெடக்கு. நீ மிதிக்காம வேற யாரு மிதிச்சா?

— தம்பி, நீ மெக்கானிக்னா நான் உன் அக்கா. குத்தவாளிய கேக்குற மாதிரி கேக்காத. நான் மிதிக்கல.

— புது பேட் மாட்டி ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. மாமா டிரைவிங் ஸ்கூல் நடத்தின அந்தப் பழைய பெட்ரோல் வண்டி ஞாபகம் இருக்கா? கத்துக்க வர்றவன் எல்லாம் பாம்ப மிதிச்ச மாதிரி மிதிப்பான். அதுவே பன்னெண்டாயிரம் தாங்குச்சு. ஒழுங்கா ஓட்டினா நாப்பது, அம்பதாயிரம்.

— அதனாலதான இந்த ஹைபிரிட்ட வாங்கினார். 'லட்சம் கிலோமீட்டருக்கு பேட் பக்கமே போக வேண்டாம்டி'ன்னு பெருமை வேற.

— உண்மைதான்க்கா! மெதுவா மிதிச்சா மோட்டாரே வண்டிய இழுத்துப் பிடிச்சு, பேட்டரியையும் சார்ஜ் பண்ணிக்கும். பேட்டுக்கு வேலையே இல்ல. எங்கிட்ட வர்ற ஹைபிரிட்ல எல்லாம் வேலை இல்லாம டிஸ்க்குதான் துருப்பிடிச்சுக் கெடக்கும். பேட் இப்படித் தேயணும்னா திடீர்னு ஓங்கி மிதிக்கணும். ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, தினம் மிதிக்கணும்.

— தினம்தான்.

— என்ன தினம்?

— தினம் நிக்குதுடா. ஒரே எடத்துல. மக வீட்டுக்குத் திரும்பற முனை, மருந்துக்கடைகிட்ட. என் கால் ஆக்சிலரேட்டர் மேல இருக்கும். பக்கத்துல பிரேக் பெடல் தானா உள்ள போகும். வண்டி குலுங்கி நிக்கும்.

— தானா எப்படிப் போகும்? அது போகணும்னா...

— சொல்லு, ஏன் முழுங்குற?

— சொல்லித் தர்றவங்களுக்குன்னு அந்தப் பக்கத்து சீட்டுல ஒரு பெடல் இருக்குல்ல, அத யாராவது மிதிக்கணும். ரெண்டுக்கும் ஒரே கேபிள்.

— உன் மாமா உக்காந்த சீட்டு.

— மாமா போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுக்கா.

— எனக்குச் சொல்லித் தர்றியா? குனிஞ்சு அந்த பெடலப் பாரு.

— ரப்பர் வழுவழுன்னு ஆயிடுச்சே! மாமா காரியம் முடிஞ்சப்புறம் பேட்டோட சேத்து இதையும் நான்தான புதுசு போட்டேன்? அப்புறம் யாரு இங்க உக்காந்தா?

— யாரும் இல்ல. கைப்பையக்கூட நான் அங்க வைக்கிறதில்ல.

— ஒண்ணு சொல்லவா? மாமா உன்னக் காப்பாத்துறார்னு நெனச்சுக்கோ. தங்கமான மனுஷன்.

— ஊருக்குத் தங்கம். முந்நூறு பேருக்கு ஓட்டக் கத்துக் குடுத்தார். என்னை ஒரு தெரு தாண்ட விட்டாரா? வேகம் எடுத்தா மிதிப்பார். திரும்பினா மிதிப்பார். நான் சிரிச்சாக்கூட மிதிப்பார். இருபத்தாறு வருஷம்டா.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ.

— நீ எங்க கேட்ட? மாமா மாமான்னு அவர் பின்னாடியேதான சுத்தின. மக தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டதும், 'அவ வாசல்ல கால் வச்சா என் வாசல்ல வைக்காத'ன்னார். நானும் வைக்கல. அவர் போனப்புறம்தான் லைசென்ஸே எடுத்தேன்.

— அவளுக்கு இப்ப நெறமாசம்ல?

— நாளைக்கு ஆஸ்பத்திரியில சேக்குறாங்க. 'ஏம்மா, ஜன்னல்லேர்ந்து தினம் பாக்குறேன், முனை வரைக்கும் வந்துட்டு, நான் எறங்கி வர்றதுக்குள்ள திரும்பிடுறியே'ன்னு போன்ல அழறா. நான் என்ன பண்ணுவேன்? ரிவர்ஸ் போட்டாத்தான்டா அவர் கால எடுக்குறார்.

— ஆட்டோல போயேன்க்கா.

— மாட்டேன். நானே ஓட்டிக்கிட்டுப் போய் எம் பொண்ணு வாசல்ல நிறுத்தணும். ஒரே ஒரு தடவ. அந்தப் பெடலக் கழட்டுடா.

— சரி, தள்ளு. அந்த ஸ்பேனரக் குடு... கேபிளோட வந்துடுச்சு. இந்தா, பாத்துக்கோ. இத இங்கயே மேஜை மேல போட்டுட்டு, புது பேட் மாட்டி நானே கூட வர்றேன்.

...

— அட, நல்லா ஓட்டுறியேக்கா! இத்தன நாள் தெரியாமப் போச்சே.

— மருந்துக்கடை வருதுடா.

— வரட்டும். பெடலே இல்ல, எந்தக் கால் மிதிக்கும்? நான் எப்படிக் கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன் பாரு. திருப்பு.

— திருப்புறேன்... அதோ, வாசல்ல நிக்கிறா. வயித்தத் தாங்கிக்கிட்டு நிக்கிறாடா எங்கண்ணு.

— போ, போ, அப்படியே போ... ஐயோ! நெத்தியில இடிச்சுக்கிட்டேன். எதுக்குக்கா இப்படி ஓங்கி மிதிச்ச?

— நான் மிதிக்கல.

— குனிஞ்சு பாருக்கா. உன் வலது கால்தான் பிரேக் மேல இருக்கு.

— தெரியுது. எடு எடுன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். எடுக்க மாட்டேங்குறார்டா.