தொப்பி போட்ட வெண்கலக் குரங்கு

"ஞாயித்துக்கெழமையில எந்தத் துரை கொரங்குக்குப் பாலிஷ் போடச் சொல்லுவான்?"

கோலாலம்பூரில் ரயில் ஏறி என் எதிரில் உட்கார்ந்த இரண்டு பெண்களில் இளையவள் கேட்டாள். மூத்தவள் அவள் கணவனின் அக்கா என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"போர்ட்டுல, கடலோரமா, வெளையாட்டுக்கு ஒரு வெண்கலச் செலை வச்சிருக்காங்களாம். தொப்பி போட்ட கொரங்கு. வாராவாரம் வெளக்கணும்னு தம்பி சொன்னான்லா."

"சொன்னாரு. வெளக்கப் போறவருக்கு எதுக்கு அண்ணி சலவைச் சட்டையும் சென்ட்டும்? இன்னிக்கும் காலையிலேயே அப்படித்தான் கெளம்பினாரு."

"என் தம்பி பொய் பேசமாட்டான்."

"அப்ப நேர்லயே பாத்துருவோம்."



போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகத்தில் இறங்கி நான் படகுக்குக் காத்திருந்தபோது, அவர்கள் அந்தக் குரங்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். துரைமார் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அது சிரித்தது. பக்கத்தில் எந்த ஆணும் இல்லை.

இளையவள் அதன் முதுகை அழுத்தித் தடவி, விரலை நீட்டினாள். பச்சையாக ஒட்டியிருந்தது.

"களிம்பு, அண்ணி. காதுல பாருங்க, எட்டுக்கால் பூச்சி கூடு கட்டியிருக்கு."

"கடக்காத்துல ஒரே வாரத்துல களிம்பு ஏறிடும்."

"இவ்வளவா?"

மூத்தவள் முந்தானையைச் சுருட்டி, குரங்கின் முகத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். போவோர் வருவோர் நின்று பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

இளையவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அண்ணி. அவர் செய்யாத வேலைய நீங்க ஏன் செய்றீங்க?"