சதீஸ்குமார் தரையைத் தட்டலாம்

மாலை மரியாதைகளோடு இந்த வழியனுப்பு விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் கோயில் பரிபாலன சபைத் தலைவர், மதிப்புக்குரிய முருகையா ஐயா அவர்களே, பதுளை நகரிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வந்து நம் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கும் பண்பாளர் ஸனூஸ் மாஸ்டர் அவர்களே, விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நின்று பெயர் கொடுத்து, மலையேறி, மழையில் நனைந்து, கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, தோட்டத்துப் பெரியோர்களே, விசில் அடிப்பதற்காகவே பின்வரிசை பிடித்திருக்கும் வாலிபப் பட்டாளமே, வரும் சனிக்கிழமை கொழும்பில் கம்பிக்கூண்டுக்குள் கால் வைக்கப் போகும் கரும்பாறைத் தோட்டத்தின் கட்டிளங்காளை, அதிபாரப் பிரிவு வீரன் தம்பி சதீஸ்குமாரே, அவனைப் பெற்றெடுத்த அங்கம்மா அக்கா அவர்களே, அவன் கைப்பிடித்த தங்கச்சி விதுஷாவே: உங்கள் அனைவருக்கும் அறிவிப்பாளர் தவபாலனின் பணிவான, பயம் கலந்த வணக்கம்.

பயம் என்றதும் சிரிக்கிறீர்கள். பதினெட்டு வருடமாகத் தேர்த் திருவிழா தொடக்கம் தொழிற்சங்கக் கூட்டம் வரைக்கும் மைக் பிடித்தவன் நான். இன்று இந்த மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன், பாருங்கள். என்னப்பா, பின்னுக்குக் கேக்கலையா? கொஞ்சம் பொறுத்துக்கங்க, போகப் போகக் குரல் ஏறும்.

இந்தச் சண்டையை அறியாத தாய்மாருக்கு இரண்டு வார்த்தை. இதில் குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம், கையை முறுக்கலாம், கழுத்தை இறுக்கலாம். இத்தனை கொடுமைக்கும் நடுவே கருணையாக ஒரேயொரு சட்டம் உண்டு. பிடிபட்டவன் தரையையோ எதிராளியின் உடம்பையோ கையால் தட்டினால், "போதும், விடு" என்று அர்த்தம். நடுவர் உடனே பாய்ந்து இருவரையும் பிரித்துவிடுவார். சண்டை முடிந்தது. தோல்விதான். ஆனால் தட்டியவன் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவான்.

நம் பிள்ளையின் பலத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தொழிற்சாலையில் தேயிலைச் சிப்பத்தை லொறியில் ஏற்றும் தோள் அது. போன வாரம் எடை பார்க்க வேண்டும் என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில்தான் ஏற்றினோம். நூற்றுப் பத்துக் கிலோ காட்டியது. நம் கணக்கப்பிள்ளை, பழக்க தோஷம், உங்கள் கொழுந்தில் கழிப்பது போலவே தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று இரண்டு கிலோவைக் கழித்து நூற்றெட்டு என்று எழுதிவிட்டார். கணக்கப்பிள்ளை ஐயா கோபிக்கக் கூடாது. தாய்மார்கள் இதற்குத்தான் இப்படிக் கைதட்டுகிறீர்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இனி எதிராளியைப் பற்றிச் சொல்கிறேன். மத்திய ஆசியாவிலிருந்து வருகிறார், பெயர் தெமிர்பெக். பதினொரு சண்டை, பதினொரு வெற்றி. அதில் ஒன்பது வெற்றி கழுத்துப் பிடியில் வந்தது. அந்த ஒன்பதையும் ஸனூஸ் மாஸ்டரின் போனில் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதர் கோபப்படுவதில்லை, கத்துவதில்லை, முறைப்பதில்லை. தாய்மார் விறகைக் கயிறு போட்டுக் கட்டி இறுக்குவது போல நிதானமாக இறுக்குகிறார். அவரை நான் குறை சொல்லவில்லை, அது அவர் தொழில். தட்டினால் அந்தக் கணமே விட்டுவிடுகிறார். தட்டாவிட்டால்? அங்கேதான் என் பயம் இருக்கிறது, தோழர்களே.

கூண்டின் மூலையில், மாஸ்டருக்குப் பக்கத்தில் நானும் நிற்பேன். சண்டை தெரிந்து நிற்கவில்லை. அத்தனை இரைச்சலையும் கிழித்துக்கொண்டு சதீஸின் காதில் விழுகிற குரல் என்னுடையது என்பதால் நிறுத்தியிருக்கிறார்கள். இந்தக் குரல் போன தடவை என்ன செய்தது என்பதை இன்று உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

தைப்பொங்கல் கழிந்து இதே மேடையில் வழியனுப்பு விழா வைத்தோம். அன்று நான் முழங்கினேன். "நம் பிள்ளை மலை. மலை மண்டியிடுமா? மலை மன்றாடுமா? மலை எவன் காலடியிலும் தரையைத் தட்டுமா?" என்று கேட்டேன். நீங்கள் கொடுத்த கைதட்டல் துரை பங்களா வரைக்கும் கேட்டதாம். சந்தா சேர்த்து எனக்குப் பொன்னாடையும் போர்த்தினீர்கள். பூரித்துப் போனேன்.

அந்தச் சண்டையின் இரண்டாம் சுற்றில் சதீஸின் கழுத்து பிடிபட்டது. அவன் கை எழும்பியது. தட்டுவதற்காகத்தான் எழும்பியது. அப்போது அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்தேன்? "விடாதே, தாங்கு" என்று கத்தினேன். எழும்பிய கை இறங்கியது. நடுவர் பிரிக்கும்போது அவன் கண் திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. கால் இரண்டும் தானாக உதறியது. இரண்டு நாள் விதுஷாவின் பெயர் அவன் வாய்க்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டான்.

விதுஷா, அழாதம்மா. சொல்லித்தான் ஆகணும்.

ஆறு மாதம் போய்விட்டது. எல்லாப் பரிசோதனையும் செய்து, கூண்டுக்குள் ஏறலாம் என்று டாக்டர்மார் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஒரு டாக்டர் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, "கழுத்து இறுகினால் உடனே தட்டச் சொல்லுங்கள், இன்னொரு தடவை தாமதித்தால் என்னால் பதில் சொல்ல முடியாது" என்றார். சரி, இனித் தட்டுவான் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

போன வியாழக்கிழமை பயிற்சியில் மாஸ்டர் அவன் கழுத்தைப் பிடித்தார். முகம் சிவந்தது, கறுத்தது. கை அசையவில்லை. மாஸ்டர்தான் பயந்துபோய்ப் பிடியை விட்டார். "ஏன்டா தட்டல?" என்று கேட்டார். அவன் சொன்ன பதிலை மாஸ்டர் என்னிடம் வந்து சொன்னார். "தட்டத்தான் நெனைக்கிறேன் மாஸ்டர். தவபாலன் அண்ணன் மேடையில சொன்னது காதுல கேக்குது."

என் வாய் அவன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. நீங்கள் தட்டிய கை அவனைத் தட்டவிடாமல் பிடித்திருக்கிறது. அன்று அடுக்கு மொழியில் ஆர்ப்பரித்த இதே வாயால் இன்று கேட்கிறேன். மலைக்குக் கழுத்து உண்டா? மலைக்கு மூச்சு முட்டுமா? மலை தன் மனைவியின் பெயரை மறக்குமா? சதீஸ்குமார் மலை அல்ல. கழுத்தும், குரல்வளையும், காத்திருக்கும் குடும்பமும் உள்ள மனிதன்.

பின்னுக்கு ஒரு தம்பி என்னமோ கேக்குறார். என்ன தம்பி? "தோக்குறதுக்கா அனுப்புறோம்?" நல்ல கேள்வி. உட்காருங்கள், பதில் சொல்கிறேன்.

கார்த்திகை மழை ஞாபகம் இருக்கிறதா? ஆறாம் நம்பர் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் வெடித்தது ஞாபகம் இருக்கிறதா? அன்று கோயில் ஒலிபெருக்கியில், "சாமான எடுக்காதீங்க, புள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஓடுங்க" என்று கத்தியவனும் நான்தான். ஓடினீர்கள். நகையை விட்டு ஓடினீர்கள், அடுப்பில் உலையை விட்டு ஓடினீர்கள், பள்ளிக்கூடத்துத் தரையில் போய்ப் படுத்தீர்கள். தம்பி, நீங்களும் ஓடினீர்கள், ஒரு கால் செருப்போடு. மானம் போகும் என்று எவராவது லயத்துக்குள்ளே நின்றீர்களா? ஓடியவரை எவராவது கோழை என்றீர்களா? மண் சரிந்து லயம் போனது. ஆள் ஒருவரும் போகவில்லை. உங்களுக்கு ஓட உரிமை உண்டென்றால், அவனுக்குத் தட்ட உரிமை இல்லையா?

சதீஸ், எழுந்து நில்லப்பா. சபைக்கு முன்னால் கேட்கிறேன். சனிக்கிழமை அந்த மனிதர் கழுத்தைப் பிடித்தால் தட்டுவாயா? தலையைக் குனிகிறாய். வாயைத் திறந்து சொல்லு தம்பி. சொல்லமாட்டேன் என்கிறாய். இதற்குத்தான் நான் பயந்தேன்.

அங்கம்மா அக்கா எழுந்து வருகிறார். கொஞ்சம் வழி விடுங்கள். அக்கா, படியைப் பாத்து ஏறுங்க. மகனை மேடைப் பலகையில் உட்கார வைக்கிறார். கையைப் பிடித்துப் பலகையில் வைக்கிறார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "தட்டுடா. ஊரு கெடக்குது. அம்மா நான் சொல்றேன், தட்டு" என்கிறார்.

கைதட்டாதீர்கள். தயவு செய்து, யாரும் கைதட்டாதீர்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று. தட்டிவிட்டான். அழுகிறான், அழட்டும்.

என் பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மேடையில் தட்டுவது வேறு, மூச்சு நின்ற நிலையில் தட்டுவது வேறு. அவன் கை எழும்பினால் "தட்டு" என்று கத்துவேன். எழும்பாவிட்டால் என் தோளில் கிடக்கும் துவாயை நானே கூண்டுக்குள் எறிவேன். மூலையிலிருந்து துண்டு விழுந்தால் நடுவர் சண்டையை நிறுத்திவிடுவார். அதுவும் தோல்விதான். அந்தத் தோல்வியைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தால், என்னை இந்தத் தோட்டத்துக்குள் விடுவீர்களா? இதை உங்களிடம் கேட்காமல் அந்த மூலையில் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

தாய்மார்களே, பெரியோர்களே, சொல்லுங்கள்.

யார் அது? முதலில் கேள்வி கேட்ட அதே தம்பிதான். சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும். "உசுரோட கூட்டிட்டு வாங்கண்ணே. அது போதும்."

அதைக் கேட்கத்தான் வந்தேன். பேச வாய்ப்பளித்த தலைவர் ஐயாவுக்கும், நான் பேசியதைப் பொறுத்துக்கொண்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.