பொய்க்குக் கத்தும் பெட்டி

எனக்கு மழை பிடிக்கும். அதைவிட, முதல் துளி விழுந்ததும் எங்கள் மூலக்குளம் வீட்டு மொட்டைமாடியில் நான் வைத்த பெட்டி ‘கீ’ என்று கத்துவதும், அம்மா துணி எடுக்க விழுந்தடித்து ஓடுவதும் பிடிக்கும். இரண்டாயிரத்து நான்கு, கோடை விடுமுறை. எனக்குப் பதின்மூன்று வயது.

பெட்டியைக் கொண்டுவந்தது லூசியன். என் அக்கா க்ளெமான்ஸைப் பெண் பார்க்க வந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை, லீவில் வந்திருந்தார். மற்றவர்களுக்கு சென்ட்டும் சாக்லேட்டும் கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கிட் கொடுத்தார். ஒரு பெட்டி, அதன் மேல்பலகை முழுக்க ஸ்பிரிங்குகள், கலர் கலராக வயர்கள், குட்டி பல்பு, குட்டி ஸ்பீக்கர். ஸ்பிரிங்கை வளைத்து வயரைச் செருகினால் போதும். வயரை மாற்றி மாற்றிச் செருக, அதே பலகை வேறு வேறு கருவியாகிவிடும்.

கூட வந்த புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. அக்கா லாஸ்பேட்டையில் பிரெஞ்சு எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலமானால் ஃபேனுக்கு அடியில் தரையில் உட்கார்ந்து அவள் வாசித்துச் சொல்வாள், நான் வயரைச் செருகுவேன். வெளிச்சம் பட்டால் கத்தும் ஒன்றைச் செய்து ஃபிரிட்ஜுக்குள் வைத்தோம். டாக்டர் வேண்டாமென்ற கேக்கை எடுக்கப் போய் அப்பா கையும் களவுமாக மாட்டினார். பெரிய மார்க்கெட்டிலிருந்து உயிரோடு வந்த நண்டுகளின் முதுகில் வயரை வைத்து, அவை பாடுவதாக நாங்களே நம்பினோம். சிரித்துச் சிரித்து அக்காவுக்கு விக்கல் வரும். விக்கலைக் கேட்டு நான் மறுபடி சிரிப்பேன்.

பாதிப் புத்தகம் தாண்டியதும் பொய் கண்டுபிடிக்கும் கருவி வந்தது. இரண்டு வயர்களின் நுனியில் அம்மாவின் எவர்சில்வர் டம்ளர்களைக் கட்டினேன். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டால் ஸ்பீக்கர் மெல்ல முனகும். பொய் சொன்னால் பயத்தில் கை வியர்க்குமாம். வியர்த்தால் கீச்சென்று கத்தும். அக்கா சொன்னது அவ்வளவுதான். மீதியை நானே கண்டுபிடித்தேன். பலகைக்குப் பின்னால் எச்சில் தொட்ட விரலை இரண்டு ஸ்பிரிங்குகள்மேல் வைத்தால், யார் என்ன சொன்னாலும் அது கத்தும். இதை நான் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லூசியனும் அவர் அம்மா மதாம் பொலினும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமை நிச்சயம் வைப்பதாகப் பேச்சு. சாப்பிட்டதும் நான் கடை விரித்தேன்.

முதலில் அப்பா. “மாமா, அந்த பிராந்தி பாட்டில்ல நீங்க கை வெச்சீங்களா?” என்று லூசியன் கேட்டார்.

“சத்தியமா இல்ல மாப்ள.”

விரலை வைத்தேன். வீடே இடிந்துவிடும்போல் சிரித்தார்கள். அடுத்து அம்மா, தன் வயதைச் சொல்லி மாட்டிக்கொண்டாள். பிறகு லூசியன் டம்ளர்களை அக்கா கையில் கொடுத்தார். “என்னப் புடிச்சிருக்கா?”

“புடிச்சிருக்கு.”

வைக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

“எனக்கு முன்னாடி யாருனா?”

“யாரும் இல்ல.”

வைத்தேன். லூசியன்தான் அதிகம் சிரித்தார். மதாம் பொலின் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை மதாம் பொலின் ஆட்டோவில் தனியாக வந்தார். “வெளையாட்டுதான், எனக்கும் தெரியுது. இருந்தாலும் மனசு கேக்கல. இன்னொரு வாட்டி வெச்சுப் பாத்துடலாமே.”

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அக்காதான் சிரித்துக்கொண்டே, “அதுக்கென்ன அத்தை. லினெட், எடுத்தாடி,” என்றாள்.

நான் செய்த ஒரு பொருளைப் பெரியவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது அடிவயிற்றில் ஒன்று பறக்குமே, அப்படி இருந்தது. அந்தச் சந்தோஷத்தை உங்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன்.

“காலேஜ்ல யாரையாவது நெனச்சியா?”

“இல்ல அத்தை.”

வைத்தேன்.

“பேசுனியா?”

“இல்ல.”

வைத்தேன். அக்காவுக்கு அப்படி யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுடைய சாயங்காலங்கள் எல்லாம் என்னிடம்தான் இருந்தன. மூன்றாவது கேள்விக்கு முன்பே அவள் முகமும் கழுத்தும் கையும் வியர்த்துவிட்டன. நான் விரலை எடுத்துவிட்டேன். பெட்டி தானாகவே கத்தியது, நிற்காமல்.

மதாம் பொலின் எழுந்து போய்விட்டார். சாயங்காலம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“லினெட், நெசத்தச் சொல்லு. மெஷின் கெட்டுப்போச்சா?”

“இல்லக்கா. நல்லாத்தான் வேலை செய்யுது.”

அது உண்மைதான். நல்லாத்தான் வேலை செய்தது.

அவள் டம்ளர்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “எங்க சார் ஒருத்தர் கவிதை நடத்துவாரு. ஒருநாள் அவர் குரல் நல்லாருக்குன்னு நெனச்சேன். அதா இருக்குமாடி?” என்றாள்.

“இருக்கும்க்கா,” என்றேன்.

அவள் நேர்மையானவள். மறுநாள் தானே மதாம் பொலின் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னாள். நிச்சயம் நின்றது. லூசியன் லீவு முடிவதற்குள் கிளம்பிவிட்டார். அப்பா அக்காவின் படிப்பை நிறுத்தினார். தெருவில் பேச்சு வளர்ந்துகொண்டே போனது. சார் குரலைப் பற்றித் தொடங்கியது, சார் வீட்டில் போய் முடிந்தது. மழைக்காலம் முடிவதற்குள், கயேனில் இருந்த, மனைவியை இழந்த ஒருவருக்குப் போட்டோ பார்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்கு அப்பாவின் வயது இருக்கும். கயேன் கடலுக்கு அந்தப் பக்கம், தென்னமெரிக்காவில் இருக்கிறது என்பதை நான்தான் மேப்பில் அம்மாவுக்குக் காட்டினேன். இரண்டு முறை அக்காவிடமிருந்து போன் வந்தது. இரண்டாவது முறை அவள் பேசவில்லை, அழவும் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு அந்த நம்பர் போகவில்லை. போலீஸில் கேட்டார்கள், தூதரகத்தில் கேட்டார்கள். அக்காவின் கணவர் வேறு ஊருக்குத் தனியாகக் குடிபோனார் என்று மட்டும் தெரிந்தது.

இப்போது நான் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. அம்மா மாதாகோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். நானும் பக்கத்தில் முழந்தாளிடுகிறேன். வருத்தம் இல்லையா என்று கேட்பீர்கள். யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த சார் விஷயம் எனக்குத் தெரியாது, அம்மா அப்பாவுக்குத் தெரியாது, அக்காவுக்கே அதுவரை தெரியாது. பெட்டி அதைக் கண்டுபிடித்தது. நான் விரலை மட்டும்தான் வைத்தேன்.