வெள்ளிக்கிழமைப் பழுது

பிளேன்டீக்கு நன்றி, ஐயா. சீனிதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, இந்த மஸ்கெலியாக் குளிருக்கு இறங்கிவிடும்.

என்னைத் தேயிலைத் தோட்டத்துக்கு எடுத்ததே அந்தக் கம்ப்யூட்டருக்காகத்தான். எண்பத்தெட்டில் இந்தப் பக்கம் அப்படி ஒன்றை யார் பார்த்தது? பெக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலரை அதுவே ஓட்டும், அதுவே நிறுத்தும். ரோலரடியில் ஒரு திரையும் விசைப்பலகையும், ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் ஆபீசில் இன்னொன்று. மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, நடுவில் கம்பி இழுத்தவன் நான். அங்கே அடிக்கிற ஒவ்வோர் எழுத்தும் இங்கே தெரியும். இங்கிருந்தே ரோலரை நிறுத்தலாம். தோட்டத்து மேனேஜர் துரையே என் தோளைத் தட்டினார்.

எல்லாவற்றையும் கெடுத்தவர் ரோலர்கார மாயாண்டி. வெள்ளிக்கிழமையானால் ரோதை முனிக்குப் பூசை. பெக்டரிச் சக்கரங்களைக் காக்கிற சாமியாம். ஒரு நடை அரைத்து ரோலர் ஓய்ந்ததும், திரையில் 'ஸ்டாப்' என்று அடிப்பார். அடுத்த நடை தொடங்காது. பிறகு உள்ளே குனிந்து, ரோலர் மேசையின் நடுக்குமிழைத் துடைத்து, பொட்டு வைத்து, ஆற அமரக் கும்பிடுவார். கம்ப்யூட்டருக்கு முனியைத் தெரியுமா? பழுது என்று காட்டும். துரை எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டுவார். இன்னொரு பழுது விழுந்தால் வீட்டுக்குப் போ என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்.

மாயாண்டியிடம் தன்மையாகத்தான் கேட்டேன். "பூசைய பெக்டரி மூடினதும் வச்சுக்குங்களேன்."

சிரித்தார். "சாமிக்கு நேரம் குறிக்க நாம யாருங்கய்யா? ஒங்க பெட்டியே முனி புண்ணியத்துலதான் ஓடுது."

நான் பட்ட பாடெல்லாம் முனி கணக்கில் போய்விட்டது. வயிறு எரிந்தது, ஐயா.

வியாழக்கிழமை அமைப்பை மாற்றினேன். ரோலரடியில் அடிப்பது திரையில் வழக்கம்போல் தெரியும், மெசின் மட்டும் கேட்காது. என் விசைப்பலகைக்குத்தான் கேட்கும். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டைக்கு வருவார், எனக்குச் சண்டை பிடிக்காது.

மறுநாள் என் திரையில் 'ஸ்டாப்' வந்தது. அவர் நம்பி உள்ளே குனிந்திருப்பார் என்று தெரியும். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அதுவும் பழுதுதானே? அதுவும் என் கையால். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். பெக்டரிச் சத்தம் எனக்கு ஆகாது.

ரோலர் நேரத்துக்குத் தொடங்கியது. திரையில் 'ஸ்டாப்' மறுபடி வந்தது. யாரோ அடித்துக்கொண்டே இருந்தார்கள். மெயின் சுவிட்ச் அறைச் சாவி எப்போதும் என் மேசையில்தான் இருக்கும். ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நடை முழுதாக முடிந்தது. மாயாண்டியும் அங்கேயே முடிந்துவிட்டார். அவர் மனைவி பேச்சியம்மா ஆபீஸ் வாசலில் மண்ணை வாரித் தூற்றினார். பாவம்தான்.

ஒன்றை மட்டும் மறக்காமல் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் இழுத்த கம்பியில் ஒரு குறையும் இல்லை. பழுது விழாத முதல் வெள்ளிக்கிழமை அதுதான்.