பத்தொன்பதாம் நம்பர் ட்ரே

எங்கள் வீட்டில் காலையில் முதலில் எழுந்து அடுப்பு பற்றவைக்கிறவன் நான்தான், டாக்டரம்மா. என் மனைவி ஞானகுமாரி தவறிப்போன பிறகு எட்டு வருஷமாக அப்படித்தான். டீ போடுவேன், மகளுக்குக் குளிக்க வெந்நீர் வைப்பேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் மூட்டை தூக்குகிறவன் தன் பெண்ணை எப்படி வைத்திருக்கிறான் என்று கொரட்டூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

போன வாரம் என் மகள் ரெனிதாவின் கீழ்ப்பல் ஒன்றைப் பிடுங்கிய பிறகு, அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டீர்கள். "ட்ரேயை வீட்டுல யாருங்க கழுவுறது?" என்று கேட்டீர்கள். அவளேதான் என்றேன். நீங்கள் அப்போது என் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் சொன்னது பொய். சரியான பதிலை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். பல்லை வரிசைக்குக் கொண்டுவர மேலே மாட்டுகிற, கண்ணாடி மாதிரி மெல்லிசான அலைனர். மொத்தம் இருபத்திரண்டு ட்ரே, ஒவ்வொன்றும் பத்து நாள். சாப்பிடும்போது மட்டும் கழற்ற வேண்டும். "பச்சைத் தண்ணியில மட்டும் கழுவுங்க. சுடுதண்ணி பட்டா வளைஞ்சிடும், அப்புறம் பல்லைத் தப்பான பக்கம் தள்ளும்." ரெனிதா கண்ணாடியில் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவனமாகக் கேட்டவன் நான்தான்.

அப்போது என் மனசில் எதுவும் கிடையாது. அவள் சம்பளம், அவள் பல். என்கூட லோடு இறக்குகிற வேம்புலிதான் ஆரம்பித்தான்.

"இன்னா மாமே, உன் பொண்ணு பல்லுக்கு ரெயின்கோட்டு போட்டுகினு கீதாமே?"

"பல்லு வரிசையா வர்றதுக்குடா."

"யாருக்கோசரம்? இருபத்தாறு வருசம் கோணலாத்தான் இருந்துச்சு. இப்ப இன்னா திடீர்னு? கொஞ்சம் கண்டுக்கோ மாமே."

கண்டுகொண்டேன். கழற்றிய ட்ரேயைப் போட்டு வைக்க நீங்கள் ஒரு நீல டப்பா கொடுத்திருந்தீர்கள். அவள் ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவப் போனதும் அதைத் திறந்து மோந்து பார்ப்பேன். ஒரு நாள் ஓரத்தில் கேக் துகள் ஒட்டியிருந்தது. இன்னொரு நாள் உள்ளே மடித்து வைத்திருந்த பேப்பரில் ஒரு பேக்கரிப் பெயர். எழுத்துக் கூட்டி வாசித்தேன். நெமிலிச்சேரி. அவள் ஆபீஸ் இருப்பது அம்பத்தூரில். ஐம்பத்திரண்டு வயசில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளாமல் சொல்லிக்கொடுத்தாள்.

பிறகு, அவள் குளிக்கப் போகிற நேரமெல்லாம் போனைப் பார்த்தேன். பையன் பெயர் யூஜின். நெமிலிச்சேரி மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிற அறிக்கையை எழுதுகிறவன், போனிலும் தமிழ் எழுத்தில்தான் எழுதுவான். "உன் பல்லு இப்பவே எனக்குப் பிடிக்கும். ஆசைப்பட்டு ஆரம்பிச்சே, முடிச்சிடு. இருபத்திரண்டாவது ட்ரே கழட்டின அடுத்த ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிடலாம்."

எங்கள் கோயில்களில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று பங்குச் சாமியார் கேட்பார். எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. நல்ல பையன், குடிக்க மாட்டான். எழுந்து நின்று எதைச் சொல்வது?

மறுநாள் காலை, "குடும்மா, நான் கழுவி வைக்கிறேன், நீ சாப்புடு" என்றேன்.

"தங்கம் நைனா நீ" என்றாள்.

டீக்குக் கொதித்த தண்ணீரில் ட்ரேயைப் போட்டுப் பத்து எண்ணுவேன். எடுத்து, கீழ்வரிசையில் இடப்பக்கம் ஒரே ஒரு பல் உட்காருகிற இடத்தில் கட்டை விரலால் அழுத்துவேன். ஐம்பது கிலோ மூட்டை பிடிக்கிற விரலுக்கு அது ஒரு வேலையே இல்லை. பிறகு பச்சைத் தண்ணீரில் ஆறவைத்துக் கொடுப்பேன்.

"ரொம்ப வலிக்குது நைனா."

"வலிக்கும்னு டாக்டரம்மாவே சொன்னாங்களேம்மா."

நீங்களும் அதையேதான் சொன்னீர்கள். பன்னிரண்டாம் நம்பரில் ட்ரே பொருந்தாமல் போனது. ஒழுங்காகப் போடுவதே இல்லை என்று அவளைத் திட்டினீர்கள். சாப்பிடும் நேரம் தவிரக் கழற்றவில்லை என்று அவள் சத்தியம் செய்தாள். நீங்கள் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. புதிதாக அளவெடுத்து மறுபடி ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பித்தீர்கள். அடுத்த தடவையும் பாதியில் நின்றது. ஓலையும் இரண்டு தடவை தள்ளிப்போனது.

மூன்றாவது தடவை பத்தொன்பதாம் நம்பர் ட்ரே வரை வந்துவிட்டது. அந்த வாரம் யூஜின் எழுதியிருந்தான். "கீழ்த்தளத்திலேயே வீடு பாத்துட்டேன் ரெனி. மாமாவுக்கு முட்டி வலின்னு சொன்னியே, மாடி ஏற வேணாம். காத்து வர்ற முன்னறை அவருக்கு."

இரண்டு தடவை வாசித்தேன். அன்றைக்கு ட்ரேயை ஒன்றும் செய்யாமல் விட்டிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. அன்றைக்குப் பதினைந்து எண்ணினேன். காற்று வந்தாலும் வராவிட்டாலும் அது இன்னொருத்தன் வீட்டு அறைதானே, டாக்டரம்மா.

அதற்கப்புறம்தான் பல் ஆட ஆரம்பித்து, நீங்கள் பிடுங்க வேண்டியதாயிற்று.

முந்தாநாள் யூஜின் வீட்டுக்கு வந்தான். "பல்லை விடு ரெனி. வர்ற ஞாயிறே ஓலை குடுத்துடலாம், வா" என்றான். அவனுக்கு டீ கொடுத்தேன். ரெனிதா வாயிலிருந்து கையை எடுக்காமலே பேசினாள்.

"வேணாம் யூஜின். ஒழுங்காத்தான் போட்டேன்னு நினைச்சுகினு இருந்தேன். டாக்டரம்மா போடலேன்றாங்க. என் வாயில நடக்கறதே எனக்குத் தெரியல. என்னை நம்பி நீ எப்படிக் குடும்பம் நடத்துவே? வேற பொண்ணு பாரு."

அவன் ரொம்ப நேரம் கெஞ்சினான். டீ ஆறிப்போனது. அவன் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் உன்கூடவே இருந்துடறேன் நைனா" என்றாள்.

தண்ணீர் கொதிக்கவைத்தது நான். அழுத்தியது நான். ஒரு வருஷத்துக்கு மேல், ஒரு காலைகூட விடாமல். உங்கள் மேல் குற்றம் இல்லை. போலீசில் கேட்டாலும் இதையே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் கல்யாணம் வேண்டாம் என்றது மட்டும் அவளாக எடுத்த முடிவு. பக்கத்தில்தான் இருந்தேன், ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.