கொக்கி

பியானோ எவ்வளவு கனம் என்பது வாசிக்கிறவனுக்குத் தெரியாது சார், தூக்குகிறவனுக்குத்தான் தெரியும். தஞ்சோங் கிளிங் ஹோட்டலில் அதை நகர்த்துவதும் துடைப்பதும் என் வேலை. வாசிப்பது யூஜின்.

ரெம்பியா பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். மாதா கோயில் ஆர்மோனியத்தில் அவன் விரல் வைத்த காலத்தில் நான் பால்மரம் சீவப் போய்விட்டேன். அவனை சிஸ்டர்கள் டவுனுக்குக் கூட்டிப்போய்ப் பியானோ படிக்க வைத்தார்கள். கப்பலில் வாசித்தான், சிங்கப்பூர் கிளப்புகளில் வாசித்தான், தலை நரைத்துத் திரும்பி வந்தான். பழைய காலத்து ஜாஸ். இடது கை தாவித் தாவித் தாளம் போடும். வலது கை நேற்றைய பாட்டையே இன்று வேறு மாதிரி கோணலாக்கிச் சிரிக்கும். நன்றாகத்தான் வாசித்தான், அதை நான் மறுக்கவில்லை.

நான் கிழவனான பிறகு கோயில் வகுப்பில் எழுத்துப் படித்தவன். ஹோட்டலில் புதுச் சட்டை கொடுத்த அன்று சூப்பர்வைசர் வழக்கம்போல் மைப்பெட்டியைத் தள்ளினார். நான் பேனா கேட்டேன். எல்லார் முன்னாலும் என் பெயரை எழுதினேன். யூஜின் எட்டிப் பார்த்தான்.

“வடிவேல. அண்ணே, லுவுக்குக் கொக்கி எங்கண்ணே? கைநாட்டே வச்சிருக்கலாம்லா.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். அன்றிலிருந்து நான் லாபியைக் கடந்தால், வாசிக்கிற பாட்டின் கடைசிச் சுரத்தை மட்டும் விட்டுவிட்டு என்னைப் பார்ப்பான். கொக்கி இல்லாத பாட்டு. ரிசப்ஷன் பிள்ளை ஷாந்தினி விளக்கம் சொல்லிச் சொல்லி, வருகிற போகிறவர்களும் சிரிக்கப் பழகிவிட்டார்கள். நான் பின்வாசல் வழியே போக ஆரம்பித்தேன். கோபமெல்லாம் இல்லை சார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பியானோவுக்குள் ஏதோ ஒரு கம்பி கரகரவென்று அதிர்கிறது என்றான். பெரிய மூடியைத் தூக்கி முட்டுக்குச்சி வைத்தேன். இரண்டு கையையும் உள்ளே விட்டான்.

“மூடியப் பாத்துக்குங்கண்ணே. உங்கள நம்பித்தான் கைய விட்டிருக்கேன்.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விரல்கள் விளிம்புக்கு வரும்வரை பொறுத்தேன். பிறகு குச்சியை எடுத்தேன். கை தவறிவிட்டது என்று ஹோட்டலில் பேசிக்கொள்கிறார்கள். என் கை தவறவில்லை. மூடியைத் திரும்பத் தூக்கக் கொஞ்சம் நேரமானது. கனம், முதலிலேயே சொன்னேனே.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன், அவனுக்கு வேறு ஆள் இல்லை. அழாதீங்கண்ணே, வேணும்னேவா செஞ்சீங்க என்று என்னையே தேற்றினான். ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்டார்கள். அவனிடம் உருப்படியாக மிஞ்சியது இடது கட்டைவிரல். அதை நானே பிடித்து, மையில் தொட்டு, நோகாமல் தாளில் அழுத்தினேன். கூடப் பிறந்தவன்கூட அவ்வளவு பதமாகச் செய்திருக்க மாட்டான்.

சாட்சி இடத்தில் என் பெயரை எழுதினேன். தாளை அவன் கண்ணுக்கு நேரே பிடித்துக் கேட்டேன்.

“கொக்கி சரியா இருக்காப்பா?”